நிழல் மூலைக்கு வெள்ளைப் பூ: வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் வெயில் படாத மூலை ஒன்று இருந்தால், அங்கே வெள்ளைப் பூக்களை மட்டும் வைத்து ஒரு பாத்தி போடுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கே: வீட்டுக்கு வடக்கே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி, 12 அடி நீளமும் 5 அடி அகலமுமாக ஓர் இடம் சும்மா கிடக்கிறது. வெயிலே வராது. என்னென்ன வைக்கலாம்?
– வாசகி, குரோம்பேட்டை

ப: வெயிலே வராது என்று எந்த மாதத்தில் பார்த்துச் சொல்கிறீர்கள் அம்மா? மார்கழியில் பார்த்திருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அப்போது உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 20 அடி உயரமுள்ள வீடு வடக்கே ஏறக்குறைய 15 அடிக்கு நிழல் போடும். ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அந்தப் பக்கமே இருக்கும். அதாவது அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் ‘வெயில் வராத’ மூலையில் நல்ல வெயில் அடிக்கும். வடக்குச் சுவர் என்றால் வருடம் முழுக்க நிழல் என்று இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்கள் சொல்வது இங்கிலாந்துக்குச் சரி, நமக்கு ஆகாது. மாசியில் ஆசையாக நட்ட நிழல் செடி வைகாசியில் கருகிப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, வெளிச்சத்தை அளப்பது. கருவி எதுவும் வேண்டாம். உச்சி வேளையில் தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் கூராக விழுந்தால் அது வெயில். கை என்று தெரிகிறது, விரல்கள் கலங்கலாக இருக்கின்றன என்றால் அது வெளிச்சமான நிழல். நாம் பேசும் பெரும்பாலான செடிகளுக்கு இதுவே தோது. நிழலே விழவில்லை என்றால் அங்கே பூவை எதிர்பார்க்காதீர்கள், இலையோடு திருப்தி அடையுங்கள். இந்தச் சோதனையைச் சித்திரையில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை செய்துவிட்டால் போதும்; உங்கள் மூலை உங்களுக்கு அத்துப்படி.

இப்போது நடவு. காம்பவுண்ட் சுவர் ஓரமாக நாலடிக்கு ஒன்றாக மூன்று நந்தியாவட்டை. கோடையில் சூரியன் வடக்கே இருக்கும்போது முன்னால் இருக்கும் சிறிய செடிகளுக்கு இவைதான் குடை பிடிக்கும். அதற்கு முன்னால் வெள்ளை டிசம்பர் பூ இரண்டு, ஸ்பைடர் லில்லி ஒரு கூட்டம். லில்லிக் கிழங்குகளை ஒற்றை ஒற்றையாகத் தூவ வேண்டாம். ஐந்தாறு சேர்ந்தால்தான் பார்வைக்கு எடுப்பு. நந்தியாவட்டையின் நிழல் கவியும் இடத்தில் பீஸ் லில்லி. முன்வரிசையில் வெள்ளை இலைக் கலேடியம். இரண்டு ஓரங்களில் எது வெளிச்சம் அதிகமோ அங்கே மழை லில்லி.

இந்தக் கூட்டணியில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் உண்டு. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது கலேடியம் இலைகளைச் சாய்த்துக்கொண்டு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். பாத்தியின் முன்பக்கம் வெறிச்சோடும் அதே வாரங்களில் டிசம்பர் பூ கிளை தெரியாமல் பூக்கும். ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. கலேடியம் செத்துவிட்டது என்று கிழங்கைத் தோண்டி எறிந்துவிடாதீர்கள்; கோடை மழைக்கு எழுந்து வரும்.

கே: வெள்ளை மட்டும் என்றால் சப்பென்று இருக்காதா? நாலு நிறம் கலந்தால்தானே பூந்தோட்டம்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: காலை பத்து மணிக்குச் சப்பென்று இருக்கலாம். சாயங்காலம் ஆறரைக்கு வந்து பாருங்கள். வெளிச்சம் குறையக் குறைய, நம் கண்ணில் நிறங்களைப் பிரித்தறியும் செல்கள் ஓய்ந்துபோய், மங்கிய ஒளியிலும் வேலை செய்யும் வேறு வகைச் செல்கள் பொறுப்பேற்கின்றன. இவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. பகலில் கண்ணைப் பறித்த செம்பருத்தி அந்தியில் கறுத்துப் போகும்; பக்கத்தில் நிற்கும் நந்தியாவட்டை அப்போதுதான் துலங்கத் தொடங்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19-ம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர், தன் தோட்டத்தைப் பார்ப்பதே அந்த அரை மணி நேரம்தான். பகல் முழுக்கப் பூத்துக் குலுங்கிய சிவப்பால் அவருக்கு என்ன பயன்? நான் வெள்ளைப் பாத்தி, வெள்ளைப் பாத்தி என்று விடாமல் சொல்வது முக்கியமாக இவர்களுக்காக. நாள் முழுவதும் அந்தி போலவே இருக்கும் நிழல் மூலைக்கும் இதே நியாயம்தான்.

வெள்ளையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நந்தியாவட்டை இதழைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாக நசுக்குங்கள். வெள்ளை காணாமல் போய், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊடுருவித் தெரியும். இதழில் வெள்ளைச் சாயம் என்று எதுவும் கிடையாது. செல்களுக்கு இடையே இருக்கும் நுண்ணிய காற்று இடைவெளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நசுக்கினால் காற்று போய்விடுகிறது, கூடவே வெள்ளையும்.

கே: மதுரைக்காரிக்கு வெள்ளைப் பூ என்றால் குண்டு மல்லிதான். நிழலில் வைத்தால் வருமா?
– வாசகி, மதுரை

ப: கொடி வரும், பூ வராது. குண்டு மல்லிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மல்லித் தோட்டங்கள் எல்லாம் திறந்த வெளியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்களே. முல்லை, ஜாதிமல்லி, சம்பங்கி, நித்தியகல்யாணி, வெள்ளை ரோஜா எல்லாமே இந்தக் கட்சிதான். மல்லியை மாடிக்கு ஏற்றுங்கள்.

கீழே நிழலிலும் மணம் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. மண்ணில் எப்போதும் ஈரம் நிற்கும் இடமானால் வெள்ளை ஜிஞ்சர் லில்லி. இஞ்சிச் செடிக்குச் சொந்தம், பாதி நிழல் போதும், இரவில் மணம் வீதி வரை போகும். கொஞ்சம் காய்ந்த இடமானால் பவழமல்லி. காலை வெயில் சற்று பட்டாலே பூக்கும். அதன் காம்பு ஆரஞ்சு நிறமாயிற்றே, வெள்ளைப் பாத்தியில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், நான் சேர்ப்பேன். விடிகாலையில் அந்த மரத்தடியைப் பார்த்தவர்கள் காம்பின் நிறத்துக்காக அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கே: வெள்ளைப் பூ மட்டும் வைப்பது மங்கலம் இல்லை என்கிறார் மாமியார். என்ன சொல்லிச் சமாளிப்பது?
– வாசகி, திருச்சி

ப: அத்தை தலையில் வைத்துக்கொள்ளும் மல்லிகை என்ன நிறம் என்று அன்பாகக் கேளுங்கள். கல்யாணப் பெண் சூடுவதும் அதுதான். சிவனுக்குத் தும்பையும் நந்தியாவட்டையும், சரஸ்வதிக்கு வெண்தாமரையும். நம் ஊரில் வெள்ளையைவிட மங்கலமான பூ எது? இன்னொரு யோசனை: அவருடைய பூஜைக்கு எந்த வெள்ளைப் பூ வேண்டும் என்று அவரையே கேட்டு, அதை முதலில் நடுங்கள். பிறகு பாத்திக்குத் தண்ணீர் விடுவது அவராகத்தான் இருப்பார்.

கே: நந்தியாவட்டையில் ஒற்றை வாங்குவதா, அடுக்கு வாங்குவதா?
– வாசகர், திண்டுக்கல்

ப: பாத்திக்கு ஒற்றை. ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திருகி, கரும்பச்சை இலைமேல் பளிச்சென்று தெரியும். வாடியதும் தானே உதிர்ந்துவிடும். அடுக்கு வகை வாடினால் பழுப்பு நிறமாகிச் செடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் இரவு மணம் அடுக்கில்தான் நன்றாக இருக்கும், மாலைக்கும் அதுதான் நிறைவு. ஜன்னலுக்குப் பக்கத்தில் அடுக்கு ஒன்று, பாத்தியில் ஒற்றை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பாத்தியில் இந்த ‘வாடிய பூ’ விஷயம் சாதாரணமானதல்ல. சிவப்பு, மஞ்சள் பூக்கள் வாடினால் தூரத்துக்குத் தெரியாது; வெள்ளை வாடினால் பாத்தியே அழுக்காகத் தெரியும். ஸ்பைடர் லில்லியின் வாடிய பூக்களைத் தண்டோடு வெட்டிவிடுங்கள். பீஸ் லில்லி மட்டும் இதில் நல்ல பிள்ளை: வயதானால் பழுக்காமல் பச்சையாக மாறி இலைகளோடு கலந்துவிடும்.

கே: நந்தியாவட்டையில் கட்டைவிரல் பருமனுக்குப் பச்சைப் புழு ஒன்று. தொட்டால் நீலக் கண்ணை உருட்டி முறைக்கிறது! என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

ப: மருந்து வேண்டாம் அம்மா. முறைப்பது கண்ணே இல்லை. தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரண்டு நீல-வெள்ளைப் புள்ளிகள் அவை. பயந்தால் தலையை உள்ளே இழுத்து, அந்த இடத்தை உப்பவைத்து, குருவியைப் பயமுறுத்தப் பார்க்கும். வால் பக்கம் சின்னக் கொம்பு ஒன்றும் இருக்கும். அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு இது. இரண்டு கிளையை மொட்டையடிக்கும், உண்மைதான். நந்தியாவட்டை மூன்று வாரத்தில் திரும்பத் தளிர்த்துவிடும்.

அந்தப் புழு வளர்ந்து பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அந்துப்பூச்சியாகி, அந்தி நேரத்தில் உங்கள் பாத்திக்கே திரும்பி வரும். ஸ்பைடர் லில்லி மாதிரி நீண்ட குழாய் உள்ள வெள்ளைப் பூக்கள் இருட்டும்போது விரிந்து மணப்பது இத்தகைய விருந்தாளிகளுக்காகத்தான். புழுவைக் கொன்றுவிட்டுப் பூவை மட்டும் ரசிக்க என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

லில்லிச் செடிகளில் வேறொரு புழு வரும்: கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். கூட்டமாக வந்து இலையை அடிவரை தின்றுவிடும். அதைப் பார்த்த அன்றே கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கே: வேப்பமரத்தடியில் நாலு தடவை செடி வைத்தும் எல்லாம் போய்விட்டது. நிழல் செடிகள்தானே வைத்தேன்?
– வாசகர், சேலம்

ப: ஐயா, அங்கே குறை நிழலில் இல்லை, தாகத்தில். மரத்தடியில் அரை அடி தோண்டினால் தலைமுடி மாதிரி மெல்லிய வேர்கள் பின்னிக் கிடக்கும். நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் உரத்தையும் முதலில் குடிப்பது வேம்புதான். புது மண் கொட்டி மேடை கட்டினாலும் ஒரு வருடத்தில் வேர் அதற்குள் ஏறிவிடும். அடிமரத்தைச் சுற்றி மண் குவிப்பது பட்டையையும் அழுக வைக்கும்.

வேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரிய தொட்டிகளில் வைத்து, தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி நிறுத்துங்கள். நேராகத் தரையில் வைத்தால் தொட்டியின் அடித்துளை வழியாகவே வேப்பவேர் உள்ளே வந்துவிடும். தரையிலேயேதான் வேண்டும் என்றால் வெள்ளைக் கொடிவேலி வையுங்கள். சித்திரமூலம் என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். வறட்சியையும் நிழலையும் ஒருசேரத் தாங்குகிற நம் ஊர்ச் செடி. மெல்லிய வெள்ளைப் பூங்கொத்து. பூவின் அடிப்புறத்தில் பசையுள்ள சிறு ரோமங்கள் இருக்கும். உரசிக்கொண்டு போனால் காய் உங்கள் வேட்டியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். அதன் வேர் தோலில் பட்டால் கொப்புளம் போடும், உள்ளே போனால் ஆபத்து. பிடுங்கும்போது கையுறை அவசியம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் வேரை மருந்து என்று யாரும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: புது வீடு. பின்பக்க நிழலில் வெள்ளை இட்லிப்பூ வைத்தேன். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உரம் போடப் போட இன்னும் மோசமாகிறது.
– வாசகி, மேடவாக்கம்

ப: ஒரு கடப்பாரையை எடுத்து அந்த இடத்தில் குத்திப் பாருங்கள். ‘ணங்’ என்று சத்தம் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வீடு கட்டி முடித்ததும் உடைந்த செங்கல், சிமென்ட் கலவை, பூச்சுக் கழிவு எல்லாம் போய்ச் சேருவது பின்பக்க மூலைக்குத்தான். மேலே அரை அடி செம்மண் போட்டு மூடிவிடுவார்கள். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாது. உப்புள்ள போர் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்பது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம்; இட்லிப்பூவில் இது முதலில் தெரியும்.

உரத்தை நிறுத்துங்கள். உடனடி நிவாரணத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும்வரை. பூ விரிந்திருக்கும்போது தெளிக்கக் கூடாது. வெள்ளை இதழில் துருக்கறை விழும். தரை ஓடு, சுவர் மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வு கடினமான வேலை: ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி இடிபாட்டை வெளியேற்ற வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலும் தேங்காய்நார்க் கழிவும் சேர்ந்து ஒரு பங்கு, அதோடு ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. முடிந்தால் மொட்டை மாடி மழைநீரைப் பிடித்து அந்தச் செடிக்கு ஊற்றுங்கள். எத்தனையோ வீடுகளில் ‘ராசியில்லாத மூலை’ என்று சொல்லப்படுவது இந்தச் சிமென்ட் மூலைதான். தோண்டுகிற கூலியைப் பார்த்துத் தயங்காதீர்கள். அதற்குப் பிறகு அங்கே எதுவும் வரும்.

கே: வாங்கும்போது பீஸ் லில்லியில் ஏழெட்டுப் பூ. வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது, ஒன்றுகூட இல்லை!
– வாசகி, அண்ணா நகர்

ப: விற்பனைக்கு வளர்க்கும் பண்ணைகளில் ஜிப்ரலிக் அமிலம் என்ற ஹார்மோனைத் தெளித்து எல்லாச் செடிகளையும் ஒரே நேரத்தில் பூக்கவைப்பது வழக்கம். அந்த வேகம் தீர்ந்த பிறகு செடி தன் இயல்புக்குத் திரும்பும். இப்போது அது இருக்கும் இடத்தைவிட இரண்டடி வெளிச்சத்தின் பக்கம் நகர்த்துங்கள். நேர் வெயில் வேண்டாம். இருட்டில் உயிரோடு இருக்கும் என்பது வேறு, பூக்கும் என்பது வேறு. நாம் பூ என்று கொண்டாடும் அந்த வெள்ளை, உண்மையில் உருமாறிய ஓர் இலை. நடுவில் நிற்கும் கதிரில் நெருக்கமாக ஒட்டியிருப்பவைதான் பூக்கள்.

கே: தவழும் குழந்தையும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கும் வீடு. நீங்கள் சொல்லும் செடிகள் ஆபத்தில்லையா?
– வாசகர், ஓசூர்

ப: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. பீஸ் லில்லி, கலேடியம் இரண்டின் இலையிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மென்றால் வாய் எரியும், நாக்கு வீங்கும். ஸ்பைடர் லில்லிக் கிழங்கைத் தின்றால் வாந்தி வரும். நந்தியாவட்டையை ஒடித்தால் வரும் பாலும் கண்ணில் படக் கூடாது. இப்போதைக்கு டிசம்பர் பூ, வெள்ளைக் காசித்தும்பை, வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு.

கே: பவழமல்லி, ஜாதிமல்லி வாசனைக்குப் பாம்பு வரும் என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

ப: பூ வாசனையைத் தேடிப் பாம்பு வருவதில்லை. தவளையையும் எலியையும் தேடி வருகிறது. நிழல் மூலையில் தேங்காய் மட்டை, உடைந்த தொட்டி, பழைய பலகை என்று குவித்து வைத்தால் பூவே இல்லாவிட்டாலும் வரும். மூலையைச் சுத்தமாக வைத்து, சாயங்காலம் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள், செருப்பு போடுங்கள்.

கே: கொசு?
– வாசகர், பெரம்பூர்

ப: தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் தட்டை மணலால் நிரப்புங்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில், செடியில் அல்ல.

கே: பிரம்மகமலம் எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஓர் இரவு பூக்கும். அதைப் பாத்தியில் இறக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

ப: மண்ணில் இறக்க வேண்டாம். நம் வீடுகளில் அந்தப் பெயரால் வழங்குவது மெக்சிகோ பக்கத்துக் காட்டுக் கள்ளி வகை. அங்கே மரக்கிளைகளில் தொற்றி வளர்வது. அதனால்தான் நிழல் அதற்குப் பழக்கம், தேங்கும் ஈரம் ஆகாது. இலை என்று நாம் நினைக்கும் தட்டையான பகுதி தண்டு. அதன் ஓரப் பள்ளத்திலிருந்து மொட்டு வரும். உத்தராகண்ட் மாநிலத்தின் மலரான பிரம்மகமலம் இமயமலை உயரங்களில் வளரும் வேறு செடி. உங்கள் செடியை நார்க்கழிவும் செங்கல் துண்டும் கலந்த தொட்டியில் வைத்து, பாத்திக்குப் பின்னால் ஒரு கொம்பில் சாய்த்து நிறுத்துங்கள். மொட்டு மேல்நோக்கி வளைந்து உப்பியதும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள். அந்த இரவைத் தனியாகப் பார்ப்பது நியாயமில்லை.

கே: மூலை இருட்டாக இருக்கிறதென்று சுவருக்கு வெள்ளை அடித்தேன். பூவே எடுபடவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

ப: வெள்ளைப் பூவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் பூ எங்கே தெரியும்? பூவுக்குப் பின்னால் கரும்பச்சை வேண்டும். சுவரின் மேல்பாதி வெள்ளையாகவே இருக்கட்டும். அது வெளிச்சத்தைக் கீழே தள்ளும், செடிக்கு நல்லது. கீழ்ப்பாதியில் மிளகுக்கொடியோ வெற்றிலைக்கொடியோ ஏற்றிவிடுங்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு இரண்டும் அருமையாக வரும். வெள்ளைப் பாத்தி என்கிறோமே தவிர, அதில் முக்கால் பங்கு பச்சைதான். பூவை எண்ணாமல் இலையைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்களின் பாத்திதான் வருடம் முழுக்க நன்றாக இருக்கிறது.

வெள்ளைத் திட்டு உள்ள இலைகளை மிகவும் இருட்டில் வைக்காதீர்கள். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. மீதிப் பச்சைதான் முழுச் செடிக்கும் சமைக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் புது இலைகள் வெள்ளையைக் குறைத்துக்கொண்டு பச்சையாகவே வரத் தொடங்கும்.

கே: மலையில் இருக்கிறோம். எங்களுக்கு?
– வாசகி, குன்னூர்

ப: கொடுத்து வைத்தவர் நீங்கள். சமவெளியில் நாங்கள் வெயிலில் வாட்டி எடுக்கும் வெள்ளை இம்பேஷன்ஸ், பிகோனியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் உங்கள் ஊர் நிழலில் தானாக வரும். மண்ணைப் பொறுத்து நீலம், சிவப்பு என்று மாறும் ஹைட்ரேஞ்சியாவில் வெள்ளை வகை மட்டும் பெரும்பாலும் வெள்ளையாகவே நிற்கும். ஒரு வேண்டுகோள்: வெள்ளைக் காலா லில்லியை ஓடை ஓரத்தில் நடாதீர்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து நீலகிரியின் ஈர நிலங்களில் ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. அங்கே வளர வேண்டிய நம் செடிகளுக்கு இடம் வேண்டும். தொட்டியில் வையுங்கள், போதும்.

கே: வெள்ளைத் தோட்டம் யார் கண்டுபிடித்தது?
– வாசகர், வேலூர்

ப: உலகம் முழுக்கப் பேரெடுத்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டம். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1950-ஐ ஒட்டி அங்கே வெள்ளையும் பச்சையும் சாம்பலுமாக ஒரு பகுதியை அமைத்தார். லண்டனின் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் வருடக்கணக்கில் தோட்டப் பத்தி எழுதியவர் அவர். ஆனால் நிலவொளியில் ரசிக்கத் தோட்டம் போடும் எண்ணம் நம் நாட்டில் அதற்கும் மூத்தது. ஆக்ராவில் தாஜ்மகாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில் ஷாஜகான் காலத்து மேதாப் பாக் இருக்கிறது. நிலாத் தோட்டம் என்பதே அதன் பெயர். சிசிங்ஹர்ஸ்ட் படத்தைப் பார்த்து அந்தச் செடிகளை இணையத்தில் வரவழைக்காதீர்கள். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு துணிவு: வேறு நிறத்துக்கு இடம் கொடுக்காத பிடிவாதம்.

கே: ஒரே ஒரு ரோஸ் நிறச் செடி வைத்தால் என்ன?
– வாசகி, காரைக்குடி

ப: எல்லோர் கண்ணும் அந்த ஒன்றிலேயே போய் நிற்கும். வேண்டாம் ஆச்சி.

கே: எந்த மாதம் நடுவது? எல்லாவற்றையும் நர்சரியில் வாங்கினால் கட்டுப்படியாகுமா?
– வாசகர், செங்கல்பட்டு

ப: ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் நடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். நிழல் மூலை சீக்கிரம் காயாது. மழை நேரத்தில் புதுச்செடி நட்டால் வேர் அழுகும். பாத்தியைத் தரையைவிட நாலு விரல் உயர்த்திப் போடுங்கள்.

வாங்க வேண்டியது பீஸ் லில்லியும் கலேடியமும் மட்டுமே. ஸ்பைடர் லில்லி ஒரு தெருவில் ஒரு வீட்டிலாவது அடைசலாக இருக்கும். கேட்டால் கிழங்கு பிரித்துக் கொடுப்பார்கள். நந்தியாவட்டையில் பென்சில் பருமனுள்ள குச்சியை முக்கால் அடிக்கு வெட்டி, பால் வடிந்து நின்றதும் ஈர மணலில் ஊன்றுங்கள். டிசம்பர் பூவுக்கு விதையும் போதும், குச்சியும் போதும். தையில் பூ ஓய்ந்ததும் செடியைப் பாதியாக வெட்டிவிட்டால் அந்தக் குச்சிகளே அடுத்த வீட்டுக்கு நாற்று. வெள்ளைச் செடியின் குச்சிதானா என்று பூ இருக்கும்போதே நூல் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். பூ ஓய்ந்த பிறகு ஊதாவும் வெள்ளையும் ஒன்றுபோலவே இருக்கும்.